டெல்டா சாலைகளில் டேஷ்கேம்: முன்பக்கம் மட்டுமா, முன்னும் பின்னுமா, மூன்று கண்ணா?

கும்பகோணத்தில் வாடகைக் கார் வைத்திருப்பவர்களும், தஞ்சாவூரிலோ திருச்சியிலோ வேலை பார்த்துக்கொண்டு வாரக் கடைசியில் சொந்த ஊருக்குக் காரில் போய்வருபவர்களும் அண்மைக் காலமாகக் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான். வேண்டுமென்றே வண்டியில் வந்து உரசிவிட்டுப் பணம் கேட்பவர்களிடமிருந்து காத்துக்கொள்ள டேஷ்கேம் (கார் கண்ணாடியில் பொருத்தி, ஓடும்போது சாலையைப் பதிவு செய்யும் கேமரா) பொருத்துவது என்று முடிவு செய்துவிட்டார்கள். நாலாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் முன்பக்கக் கேமரா போதுமா, பத்து பன்னிரண்டாயிரம் கொடுத்து முன்னும் பின்னும் பார்ப்பதை வாங்க வேண்டுமா, அல்லது சும்மா கிடக்கும் பழைய செல்போனைக் கண்ணாடியில் மாட்டிவிட்டால் வேலை முடிந்துவிடுமா என்பதில்தான் தடுமாற்றம். கடைக்காரர்கள் இதற்குப் பிக்சல் கணக்கில் பதில் சொல்கிறார்கள். வண்டிக்கு எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வருகிறது, அந்த நிமிடத்தின் பதிவு பின்னால் கைக்குக் கிடைக்குமா என்ற இரண்டைக் கொண்டுதான் தேர்வு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

## மோசடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது

அதிகம் பேசப்படுவது பக்கவாட்டு உரசல். அய்யம்பேட்டை, பாபநாசம் போன்ற கடைத்தெருக்களில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வரும் இருசக்கர வாகனம் இடது பக்கம் நுழைகிறது. பின் கதவில் உள்ளங்கையால் ‘டப்’பென்று ஓர் அடி, அடுத்த நொடி வண்டி சாய்ந்து கிடக்கிறது, ஒருவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் ஓட்டுநரின் கண்ணாடியைத் தட்டி, “என்ன சார், ஆளை இடிச்சுட்டு நிக்காமப் போறீங்க?” என்கிறார். மருத்துவமனைக்குப் போகலாம் என்றால், “ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம் சார், அஞ்சாயிரம் குடுத்துட்டுப் போங்க, வீட்லயே பாத்துக்கிறோம்” என்று பதில் வரும். உண்மையில் அடிபட்டவர் சிகிச்சையை மறுத்துப் பணத்தை மட்டும் கேட்பது அரிது என்பதால், இந்த உரையாடல் பதிவாகியிருப்பதே பாதி சாட்சி.

இரண்டாவது வகை, முன்னால் போகும் வண்டி காரணமின்றி பிரேக் அடிப்பது அல்லது பின்னோக்கி வந்து மோதுவது. 2024 அக்டோபரில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் உள்ள பெல்ட் பார்க்வே நெடுஞ்சாலையில் ஒரு கார் திடீரென்று நின்று, ரிவர்ஸ் எடுத்துப் பின்னால் நின்ற காரின் மேல் மோதியது அந்தப் பின் காரின் டேஷ்கேமில் அப்படியே பதிவாகி உலகம் முழுவதும் பரவியது. பதிவு இல்லாவிட்டால் ‘பின்னால் வந்தவன்தான் இடித்தான்’ என்று யாரும் நம்பியிருப்பார்கள்.

மூன்றாவது, நீங்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் வந்து விழுவது. கோயில் வாசல்களிலும் மண்டப வாசல்களிலும் வண்டி எடுக்கும்போது இதற்கு வாய்ப்பு அதிகம்.

நான்காவது காகிதத்தில் மட்டும் நடக்கும் விபத்து: வேறெங்கோ விழுந்து அடிபட்டவர், காப்பீடு உள்ள ஒரு வண்டியின் எண்ணைச் சேர்த்து இழப்பீடு கோருவது. இது கற்பனை அல்ல. உத்தரப் பிரதேசத்தில் இத்தகைய போலிக் கோரிக்கைகளை விசாரிக்க அலகாபாத் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2015-இல் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்கப்பட்டது. இந்த வகையில் உங்களுக்குச் செய்தி வரும்போது சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் நாள் கடந்து வாரங்கள் ஆகியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

## எவற்றை வைத்து அளப்பது

முதலாவது, கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. இரண்டாவது, இரவிலும் மார்கழி, தை விடியற்காலைப் பனியிலும் படம் எவ்வளவு தெளிவு என்பது. இங்கே அந்த நேரத்தில்தான் சம்பா அறுவடை இயந்திரங்களும் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர்களும் சாலையில் இருக்கும். மூன்றாவது வெப்பம்: சித்திரை வெயிலில் திறந்தவெளியில் மூடி நிறுத்திய காருக்குள், அதுவும் முன் கண்ணாடிக்கு அருகில், சூடு எளிதில் 60 டிகிரியைத் தாண்டும். நான்காவது, பதிவு எத்தனை மணி நேரம் அழியாமல் இருக்கும் என்பது. ஐந்தாவது, விலைப் பட்டியலில் வராத செலவுகள். கடைசியாக, அது சாட்சியமாக நிற்குமா என்பது. இதைத் தனியாகப் பேசியாக வேண்டும்.

| | பழைய செல்போன் | முன்பக்கம் மட்டும் | முன்னும் பின்னும் | முன், பின், உள்பக்கம் |
|---|---|---|---|---|
| தோராய விலை | செயலிக்குச் செலவில்லை | ரூ. 3,000–6,000 | ரூ. 6,000–14,000 | ரூ. 10,000–20,000 |
| பக்கவாட்டு உரசல் | அரைகுறை | அரைகுறை | பெரும்பாலும் தெரியும் | பெரும்பாலும் தெரியும் |
| ரிவர்ஸ் எடுக்கையில் விழுவது | தெரியாது | தெரியாது | தெரியும் | தெரியும் |
| வெயில் தாங்குவது | தாங்காது | பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) இருந்தால் தாங்கும் | அதேபோல் | அதேபோல், சூடு சற்று அதிகம் |
| மறைமுகச் செலவு | போனே கெடலாம் | மெமரி கார்டு | கார்டு, வயரிங் கூலி | பெரிய கார்டு, வயரிங், பயணிகளுக்கு அறிவிப்பு |
| யாருக்கு | தற்காலிகமாக | நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் சொந்தக் கார் | பெரும்பாலோருக்கு | வாடகை வண்டி |

## பழைய செல்போன்

செயலி இலவசம், கேமரா தரமும் மோசமில்லை. ஆனால் வெயிலில் போன் சூடேறிப் பதிவைத் தானே நிறுத்திவிடும், பேட்டரி உப்பும், ஒவ்வொரு முறையும் ஞாபகமாகத் தொடங்கிவைக்க வேண்டும். மோசடி, ஞாபகமாகத் தொடங்காத நாளில்தான் நடக்கும். வேறொன்று வாங்கும்வரை ஒரு மாதம் ஓட்டலாம், அவ்வளவுதான்.

## முன்பக்கம் மட்டும்

திருச்சி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ பெரும்பாலும் ஓடும் சொந்தக் காருக்கு இது போதும் என்றே சொல்வேன். நெடுஞ்சாலையில் முன்னால் நடப்பதுதான் பெரும்பாலும் சண்டைக்குரியது: குறுக்கே வெட்டியவர் யார், சிக்னல் எந்த நிறத்தில் இருந்தது, முன் வண்டி ஏன் நின்றது. இவை அனைத்தும் ஒரே லென்ஸில் விழும்.

பக்கவாட்டு உரசலில் இதன் பங்கு அரைகுறைதான், ஆனால் பூஜ்யம் அல்ல. 130, 140 டிகிரி லென்ஸுக்குப் பின் கதவு தெரியாது. ஆனால் உங்கள் வண்டி கோட்டை விட்டு விலகாமல் நேராகப் போனதும், வேகம் எவ்வளவு என்பதும், அந்த அடியின் ஓசையும் பதிவாகும். ஒலிப்பதிவை அணைத்து வைப்பவர்கள் இந்தப் பாதிச் சாட்சியையும் இழக்கிறார்கள்.

இரவில் வண்டி எண் தெரியும் என்ற விளம்பரத்தை முழுவதும் நம்ப வேண்டாம். உங்கள் முகப்பு விளக்கின் ஒளி எதிரே உள்ள எண் பலகையில் பட்டுத் திரும்பும்போது அந்தப் பலகை வெள்ளைத் துண்டாகத்தான் பதிவாகும். எக்ஸ்போஷரை (கேமரா உள்வாங்கும் ஒளியின் அளவை) ஒரு படி குறைத்து வைத்தால் ஓரளவு சரியாகும். சோனியின் ஸ்டார்விஸ் வகைச் சென்சார் உள்ளவை இருட்டில் மேம்பட்டவை. அதைவிட எளிய வழி, எண்ணை நீங்களே வாய்விட்டுப் படிப்பது: சம்பவம் நடந்தவுடன் எதிர் வண்டியின் எண், இடம், நேரம் மூன்றையும் உரக்கச் சொல்லிவிட்டால் படத்தில் தெரியாதது ஒலியில் இருக்கும்.

## முன்னும் பின்னும்

டெல்டாவின் ஊர்ச் சாலைகளில் ஓடும் வண்டிக்கு என் பரிந்துரை இதுவே. ஆற்றுக் கரையை ஒட்டிய ஒருவண்டிச் சாலைகள், அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையை அடைத்து நெல் காயும் தார்ச்சாலைகள், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் வரிசை கட்டி நிற்கும் லாரிகள் ஆகியவற்றுக்கிடையே ஓட்டும்போது வண்டியை அடிக்கடி பின்னால் எடுத்து வழிவிட வேண்டியிருக்கிறது. முன்பக்கக் கேமரா அந்த நேரத்தில் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பக்கவாட்டு உரசலிலும் பின் கேமராவின் பங்கு பெரிது. இடது பக்கம் நுழைந்த இருசக்கர வாகனம் அதற்குச் சில நொடிகளுக்கு முன் பின்னால்தான் இருந்தது. எவ்வளவு தூரம் பின்தொடர்ந்தது, பின்னால் அமர்ந்தவர் எப்போது கையை ஓங்கினார், கீழே விழுவதற்கு முன்பே வேகம் குறைந்திருந்ததா என்பவை எல்லாம் பின் லென்ஸில் வரிசையாகக் கிடைக்கும்; முன் லென்ஸில் ஓசையும், தாமதித்து வந்து நிற்கும் ஆளும் மட்டுமே கிடைப்பார்கள். பின்னாலிருந்து ஒருவர் உங்கள் வண்டியின்மேல் மோதிவிட்டு நீங்கள் ரிவர்ஸ் எடுத்ததாகச் சொன்னாலும் இதே பதிவுதான் காப்பாற்றும்.

மறைமுகச் செலவும் இங்கேதான் தொடங்குகிறது. பின் கேமராவுக்கான ஒயர் கூரை ஓரமாகப் போய், ஹேட்ச்பேக் என்றால் டிக்கி கதவின் ரப்பர் குழாய் வழியாக நுழைய வேண்டும். அவசரத்தில் ரப்பருக்கு வெளியே விட்டால், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி, சில மாதங்களில் உள்ளுக்குள் அறுந்து படம் வராமல் போகும். திரையை யாரும் பார்ப்பதில்லை என்பதால் தேவைப்படும் அன்றுதான் அது தெரியவரும். பின் கண்ணாடியின் தூசியும் மழைக்காலத்து ஆவியும் படத்தைக் கெடுக்கும். துடைப்பது உங்கள் வேலை. குட்டியானை போன்ற சரக்கு வண்டிகளில் பின் கண்ணாடிக்கு வெளியே சுமை ஏறிவிடுவதால், வெளிப்புறம் பொருத்தும் தண்ணீர் புகாத கேமரா உள்ள செட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மெமரி கார்டில்தான் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள். 1080பி தரத்தில் ஒரு கேமரா மணிக்கு ஏறத்தாழ 6 ஜிபி எழுதும். இரண்டு கேமரா என்றால் 64 ஜிபி கார்டு ஐந்து, ஆறு மணி நேரத்தில் நிரம்பிப் பழையதன்மேல் புதியது எழுதப்படும். அதிகாலை கும்பகோணத்தில் கிளம்பித் திங்களூரில் தொடங்கி இரவு திருநள்ளாற்றில் முடிக்கும் நவக்கிரகப் பயணத்தில், காலையில் நடந்தது மாலைக்குள் அழிந்துபோயிருக்கும். குறைந்தது 128 ஜிபி, முடிந்தால் 256 ஜிபி வேண்டும். அதுவும் ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்று குறித்த கார்டாக இருக்க வேண்டும். சாதாரண கார்டு, இடைவிடாமல் எழுதி அழிப்பதைத் தாங்காது. பல கார்டுகளின் உத்தரவாதத்திலேயே டேஷ்கேம் பயன்பாடு விலக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரத்துப் பதிவு அழியாமல் பூட்டிவைக்க அவசரத்துக்கு அழுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை வாங்கிய அன்றே கைக்குப் பழக்கிவிடுங்கள். மெல்லிய உரசலுக்கு அதிர்வு உணரி தானாகப் பூட்டாது.

## உள்பக்கமும் சேர்த்து

பயணிகளை ஏற்றும் வண்டிக்கு மட்டும் இதைச் சொல்வேன். ஓட்டுநர் போனில் பேசிக்கொண்டிருந்தார், தூங்கிவிட்டார் என்று எதிர்த் தரப்பு சொல்லும்போது மறுக்க ஒரே வழி உள்பக்கப் பதிவு. சன்னல் வழியாக ஒருவர் கையை நீட்டிச் சாவியைப் பிடுங்குவதும், பணம் கைமாறுவதும் அதில் விழும். ஆனால் பயணிகளின் குடும்பப் பேச்சும் விழும். ‘இந்த வண்டியில் ஒலி, ஒளி பதிவாகிறது’ என்று தமிழில் ஒட்டி வையுங்கள்; பெண் பயணிகள் கேட்டால் உள்லென்ஸை மூடிவிடும் வசதி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். சொந்தக் காருக்கு இது வீண்.

சிம் கார்டு போட்டு மேகத்தில் (இணையச் சேமிப்பில்) சேமிக்கும் 4ஜி வகையும் வருகிறது. மாதாமாதம் டேட்டாவுக்குக் கட்ட வேண்டும், கொள்ளிடக் கரையோரம் சிக்னல் விட்டுவிட்டு வரும். மூன்று நான்கு வண்டிகளை ஓட்டுநர்களிடம் கொடுத்துவிட்டு வீட்டிலிருக்கும் உரிமையாளருக்கு மட்டும் பயன்; கார்டைப் பிடுங்கி வீசினாலும் பதிவு தப்பிக்கும் என்பது அதன் ஒரே பெரிய அனுகூலம்.

## மின்சாரம்

லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் செலவில்லை, வண்டி அணைந்ததும் கேமராவும் அணையும். நிறுத்தியிருக்கும்போதும் பதிவாக வேண்டுமென்றால் ஹார்ட்வயர் கிட் (வண்டியின் மின்சாரத்தோடு கேமராவை நேராக இணைக்கும் ஒயர் செட்) வேண்டும். ஃப்யூஸ் பாக்ஸில் ‘ஃப்யூஸ் டேப்’ (ஒயரை வெட்டாமல் ஃப்யூஸ் இடத்தில் சொருகும் இணைப்பான்) போட்டு எடுப்பது நல்லது. ஒயரை வெட்டி ஒட்டினால் வண்டி நிறுவனம் உத்தரவாதத்தை மறுக்க இடமுண்டு. பேட்டரி மின்னழுத்தம் குறைந்தால் தானே நிற்கும் அமைப்பு கிட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வேளாங்கண்ணியில் இரவு நிறுத்தி வைத்த வண்டியைக் காலையில் தள்ளித்தான் எடுக்க வேண்டிவரும். கேமராவுக்குள் லித்தியம் பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் உள்ளதை மட்டுமே வாங்குங்கள். நம் வெயிலில் இதில் சமரசம் கூடாது.

## பதிவு சாட்சியமாக எப்போது நிற்கும், எப்போது விழும்

வாங்கியதும் நேரத்தைச் சரிபாருங்கள். பல கேமராக்கள் சீன நேரத்தில் வருகின்றன; அது நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். மதியம் பன்னிரண்டு மணிச் சம்பவம் இரண்டரை மணி என்று பதிவானால் எதிர்த் தரப்பு வக்கீலுக்கு வேறெதுவும் தேவையில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் (பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுடன் சான்றிதழ் ஒன்றைக் கேட்கிறது. அதன் முதல் பகுதியைக் கருவிக்குப் பொறுப்பானவரும் இரண்டாம் பகுதியை வல்லுநர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற அடையாளம்) அதில் குறிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ சுருங்கி வேறு கோப்பாகிவிடுவதால் அந்த மதிப்பு பொருந்தாது. ஆகவே சண்டை நடந்த அன்று இரவே கார்டைக் கழற்றி, வெட்டாமல் சுருக்காமல் கணினியில் நகலெடுத்து, மூலக் கார்டைத் தனியே எடுத்து வைத்து, வண்டிக்குப் புதுக் கார்டு போட்டுவிடுங்கள். காவல் நிலையத்தில் கார்டைக் கேட்டால் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள். விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைக்கு மோட்டார் வாகனச் சட்டம் ஆறு மாதத்தைக் குறிப்பிடுகிறது. அதன்பின் வழக்கும் நீளும் என்பதால் பதிவை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதே சரி.

காகித விபத்துக்கு எந்தக் கேமராவும் முழு விடையல்ல. ஒரு மாதம் கழித்துக் கடிதம் வரும்போது பதிவு அழிந்திருக்கும். அன்றைக்கு வண்டி எங்கே இருந்தது என்பதை வாழவந்தான்கோட்டைச் சுங்கச்சாவடியின் ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியோ பெட்ரோல் ரசீதோ காட்டும். அவற்றை அழிக்காமல் வைத்திருப்பதற்குக் காசு செலவில்லை. வாடகை வண்டி என்றால் ஜிபிஎஸ் உள்ள கேமராவை வாங்கி, வாரம் ஒருமுறை பதிவை ஹார்டு டிஸ்க்கில் கொட்டி வைக்கலாம். ஜிபிஎஸ் உங்கள் வேகத்தையும் திரையில் எழுதும் என்பது இதன் மறுபக்கம்: ஊருக்குள் எண்பதில் போகும் பழக்கம் உள்ளவருக்கு அதே கருவி எதிர்ச் சாட்சியாகிவிடும்.

சாலையில் பணம் கொடுத்து முடிப்பதைப் பலர் மலிவான வழி என்று நினைக்கிறார்கள். எழுத்தில்லாமல் கொடுத்த பணம் பின்னால் கோரிக்கை வருவதைத் தடுக்காது. தவறை ஒப்புக்கொண்டதாகக் காட்டவே அது உதவும். மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாக இருப்பதால் உண்மையான காயத்துக்குக் காப்பீட்டு நிறுவனம்தான் இழப்பீடு தர வேண்டியது. விழுந்தவர் நடிக்கிறார் என்று உங்களுக்குத் தோன்றினாலும் முதலில் 108-ஐ அழையுங்கள். வேளாங்கண்ணிக்கு இரவெல்லாம் நடந்து போகிறவர்களும் வயல் வேலை முடிந்து சைக்கிளில் திரும்புகிறவர்களும் நிறைந்த சாலைகள் இவை; அடிபடுபவர்களில் பெரும்பாலோர் உண்மையாகவே அடிபடுகிறவர்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் வரம்புக்கு உட்பட்டு இலவசம் என்பதைச் சொன்னால், உண்மையாக வலிப்பவர் ஆம்புலன்ஸில் ஏறுவார், மற்றவர் மெல்ல நழுவுவார். இரண்டுமே கேமராவில் இருக்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்யவும், காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லவும் ஓட்டுநரைக் கட்டாயப்படுத்துகிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நின்று உதவ முடியாத நிலையை அதே பிரிவு விலக்காக ஏற்கிறது. எனவே கூட்டம் கூடி மிரட்டினால் கதவைப் பூட்டி, 100 அல்லது 112-ஐ அழைத்து, நேராக அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு வண்டியை விடலாம். சம்பவம் திருநள்ளாற்றிலோ காரைக்காலிலோ நடந்தால் அது புதுச்சேரிக் காவல் துறையின் எல்லை, புகாரை அங்கே கொடுப்பதே எளிது. காவல் நிலையத்தில் போய் நிற்கும்வரை கேமரா ஓடிக்கொண்டே இருக்கட்டும்; நீங்கள் ஓடி ஒளியவில்லை என்பதற்கு அந்த வழியின் பதிவுதான் ஆதாரம்.